பாட்டுக்கு மூச்சு: இழுப்பதைவிட விடுவதில்தான் பயிற்சி

ஈரோட்டிலோ கோவையிலோ கோபிசெட்டிபாளையத்திலோ பாட்டு வகுப்பில் சேர்ந்த எவரும் முதல் சில மாதங்களுக்குள் கேட்டுவிடும் அறிவுரை ஒன்று உண்டு: "தொண்டையில் பாடாதே, அடிவயிற்றிலிருந்து பாடு." இது மிகப் பழைய அறிவுரை. எழுத்துகளின் பிறப்பைச் சொல்ல வந்த தொல்காப்பியர் "உந்தி முதலா முந்துவளி தோன்றி" என்றே தொடங்குகிறார். சீனாபுரத்துக்காரர் என்று கொங்கு நாட்டில் வழிவழியாகச் சொல்லப்படும் பவணந்தி முனிவரும், உயிரின் முயற்சியால் உள்ளிருக்கும் காற்று உந்தப்பட்டு, நெஞ்சையும் கழுத்தையும் உச்சியையும் மூக்கையும் உற்று ஒலியாகிறது என்று நன்னூலில் வரிசைப்படுத்துகிறார். அறிவுரையில் பிழை இல்லை. ஆனால் வயிற்றைக் கொண்டு என்ன செய்ய வேண்டும் என்பதை விளக்காமல் விட்டுவிட்டால் மாணவர் தாமாக ஒன்றைச் செய்துகொள்கிறார்: முடிந்த மட்டும் காற்றை இழுத்து நிரப்பி, வயிற்றை எக்கி இறுக்கி, முழு பலத்தோடு மேலே தள்ளுகிறார். கழுத்து நரம்பு புடைக்கிறது, மேல் ஸட்ஜத்தில் (உச்ச 'ஸ'வில்) குரல் பிளிறுகிறது, அடுத்த நாள் தொண்டை கட்டிக்கொள்கிறது. பாடுவதற்கான மூச்சு என்பது பெரும்பாலும் தள்ளும் வேலை அன்று, தடுத்து நிறுத்தி அளந்து விடும் வேலை என்பதை உடலின் அமைப்பைக் கொண்டே புரிந்துகொள்ள முடியும். புரிந்துகொண்டால் பாதிப் பயிற்சி முடிந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

வயிற்றுக்குள் காற்று போவதில்லை. காற்று நுரையீரலுக்குள் மட்டுமே போகிறது. நுரையீரலோ தானாக விரியக்கூடிய தசை அன்று. மார்புக்கூட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே, மேல் நோக்கிக் குவிந்த வடிவில் உதரவிதானம் என்னும் தசை இருக்கிறது. அது சுருங்கும்போது தட்டையாகிக் கீழே இறங்குகிறது. விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் விலாக்களைத் தூக்கி வெளிப்புறமாக விரிக்கின்றன. மார்புக்குள் இடம் பெருகுவதால் வெளிக்காற்று தானே உள்ளே வருகிறது. சும்மா இருக்கும்போது உதரவிதானம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் இறங்கும். ஆழ்ந்து இழுக்கும்போது பல சென்டிமீட்டர் இறங்கும். அப்படி இறங்கும்போது கீழேயுள்ள இரைப்பை, கல்லீரல், குடல் ஆகியவற்றுக்கு ஒதுங்க இடம் வேண்டும். அவை முன்புறமாகவும் பக்கவாட்டிலும் ஒதுங்குவதால்தான் வயிறு உப்புகிறது. ஆகவே மூச்சை இழுக்கும்போது வயிற்றை எக்கினால் உதரவிதானம் இறங்க வழி இல்லாமல் போய், காற்றுக்கு இடம் தேடித் தோள்கள் மேலே ஏறுகின்றன. தோளைத் தூக்கும் தசைகள் கழுத்தோடு பிணைந்தவை. அவை இறுகினால் குரல்வளையும் இறுகும். தொண்டையில் பாடுவதாக ஆசிரியர் கடிந்துகொள்ளும் குறை பெரும்பாலும் தொண்டையில் தொடங்குவதில்லை, மூச்சை இழுத்த விதத்திலேயே தொடங்கிவிடுகிறது.

இங்கே இன்னொன்றையும் தெளிவாக்கிவிட வேண்டும். உதரவிதானத்தால் காற்றை வெளியே தள்ள முடியாது. அது உள்ளிழுப்பதற்கான தசை. வெளிவிடும்போது அது தளர்ந்து மேலே திரும்புகிறது. தள்ளுகிற வேலையைச் செய்பவை வயிற்றுச் சுவர்த் தசைகளும் விலாக்களின் உட்புறத் தசைகளும்தான். உதரவிதானம் இப்போது எங்கே இருக்கிறது என்பதை நம்மால் நேரடியாக உணரவும் முடியாது. ஆகவே மாணவரிடம் "உதரவிதானத்தால் பாடு" என்று சொல்வதைவிட, கீழ் விலாக்களில் கை வைத்துப் பார்க்கச் சொல்வது மேல். கை உணர்வதை மாணவர் நம்பலாம்.

இனி அளவுகளுக்கு வருவோம். வளர்ந்த ஒருவர் அமைதியாக இருக்கும்போது ஒரு மூச்சில் ஏறத்தாழ 500 மி.லி. காற்றை இழுத்து விடுகிறார். முழுக்க இழுத்து முழுக்க விட்டால் 3 முதல் 5 லிட்டர் வரை வெளிவரும். எவ்வளவு முயன்றாலும் வெளியேறாமல் ஒரு லிட்டருக்குச் சற்று மேல் உள்ளேயே தங்கிவிடும். குரல்வளையில் அதிர்ந்து ஒலி எழுப்பும் மடிப்புகளான குரல்நாண்கள் நன்றாகச் சேர்ந்து அதிரும் குரலில் நொடிக்கு 100 முதல் 200 மி.லி. வரை காற்று செலவாகிறது. நடுவாக 150 என்று வைத்துக்கொண்டு தொடக்கப் பாடமான முதல் சரளி வரிசையை (ஸ ரி க ம ப த நி ஸ என்று ஏறி இறங்குவதை) கணக்கிட்டுப் பாருங்கள். நொடிக்கு ஒரு ஸ்வரம் என்ற நிதானத்தில் ஏறும் ஆரோகணம் எட்டு நொடி, இறங்கும் அவரோகணம் எட்டு நொடி. ஆக 16 நொடிக்கு 2.4 லிட்டர் வேண்டும். வளர்ந்தவருக்கு இது எட்டக்கூடிய அளவு. எட்டு வயதுக் குழந்தையின் நுரையீரல் முழுவதுமாகவே ஏறத்தாழ அந்த அளவுக்குள்தான் அடங்கும். அந்தக் குழந்தையிடம் ஏறி இறங்குவதை ஒரே மூச்சில் கேட்பது முடியாததைக் கேட்பதாகும். மேல் ஸட்ஜத்தில் மூச்செடுக்க விட்டுவிட வேண்டும். போட்டி மேடைக்குத் தயார்ப்படுத்துகிறோம் என்று சொல்லிக் குழந்தைகளைத் தம் கட்டவைக்கும் வழக்கம் நம் பக்கத்தில் பெருகிவருவதைப் பார்க்க மனம் வருந்துகிறது. அந்த வயதில் பழகிய கழுத்து இறுக்கத்தைப் பின்னாளில் போக்குவது மிகக் கடினம்.

அதே கணக்கு வேறொன்றையும் காட்டுகிறது. குரல்நாண்கள் சரியாகச் சேராமல் காற்று கசியும் குரலில் செலவு நொடிக்கு 300 மி.லி.க்கு மேல் போகும்; அப்போது அதே நுரையீரல் பாதி நேரத்தில் தீர்ந்துவிடும். மூச்சு போதவில்லை என்று வருந்துகிற பலருக்கு உண்மையில் குறைவது காற்று அன்று, குரல்நாண்களின் சேர்க்கைதான். அவர்களை மேலும் மேலும் ஆழமாக இழுக்கச் சொன்னால் கசிவும் சேர்ந்தே பெருகும். தெளிவான அகாரத்தில் ('ஆ' என்று), நடு ஸ்தாயியில் (குரலின் நடு எல்லையில்), மிதமான குரலில் சாதகம் என்னும் பாட்டுப் பயிற்சியைச் செய்யச் சொல்வதே அவர்களுக்கு மூச்சுப் பயிற்சியாகும்.

இப்போது இந்தக் கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். முழுக்க இழுத்து நிரப்பிய நுரையீரலும் விரிந்த விலாக்கூடும் இழுபட்ட நிலையில் இருப்பவை. விட்டவுடன் தாமே சுருங்கிக் காற்றைத் தள்ள முனைகின்றன. அந்தத் தள்ளலின் அழுத்தம், குழாயில் நீரை 30 சென்டிமீட்டர் வரை உயர்த்தும் அளவுக்கு இருக்கும். ஆனால் மென்மையாகப் பாடுவதற்குக் குரல்நாண்களுக்கு அடியில் தேவைப்படுவது 5 முதல் 10 சென்டிமீட்டர் நீருக்கு இணையான அழுத்தமே. அதாவது பாட்டைத் தொடங்கும் கணத்தில் தேவையைப் போல மூன்று மடங்குக்கும் மேலான அழுத்தம் தானாகவே கிடைத்துவிடுகிறது. அதற்கு மேலும் வயிற்றால் தள்ளுகிறவர், திம்பம் மலைப்பாதையில் இறங்கும் லாரியின் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார். அங்கே நல்ல ஓட்டுநர் எப்படிக் கியரைக் குறைத்து வண்டியைப் பிடித்து இறக்குகிறாரோ, அப்படியே நல்ல பாடகர் உள்ளிழுக்கும் தசைகளை உடனே தளரவிடாமல், விலாக்களை விரித்த நிலையிலேயே பிடித்துக்கொண்டு, சுருங்கும் வேகத்தை மட்டுப்படுத்துகிறார். காற்று குறையக் குறைய அந்தத் தள்ளல் தணிந்து, அமைதியாக மூச்சு விட்டு முடிந்த நிலையில் அறவே நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே, வரியின் கடைசிப் பகுதியில்தான், வயிற்றுத் தசைகள் மெல்ல உள்ளே வந்து வேலையை ஏற்கின்றன. தொடக்கத்தில் பிடிப்பு, இறுதியில் தள்ளல், நடுவே ஒன்று மற்றொன்றிடம் தெரியாமல் கைமாறுதல்: பல ஆண்டுச் சாதகத்தால் உடல் கற்றுக்கொள்வது இதைத்தான். "அடிவயிற்றிலிருந்து பாடு" என்ற அறிவுரை முழு உண்மையாவது வரியின் பிற்பாதியில் மட்டுமே.

சுருதி நழுவுவதற்கான காரணமும் இங்கேயே இருக்கிறது. கட்டை என்பது பாடகர் தமக்கு வைத்துக்கொள்ளும் சுருதி அளவு. ஒரு கட்டையில் பாடும் ஆணின் நடு ஸட்ஜத்தில் குரல்நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 131 முறை அதிர்கின்றன. ஐந்து கட்டையில் பாடும் பெண்ணுக்கு 196 முறை. குரல்நாண்களின் இழுவிசையே இந்த எண்ணிக்கையை முதன்மையாகத் தீர்மானிக்கிறது என்றாலும், அடியிலுள்ள காற்றழுத்தம் கூடினால் ஸ்வரம் சற்று ஏறுகிறது, குறைந்தால் இறங்குகிறது. நீண்ட கார்வையின் (ஒரே ஸ்வரத்தில் நீட்டி நிற்பதன்) தொடக்கத்தில் சுருதிக்கு மேலே நின்று, முடிவில் கீழே தொங்கும் குரலைக் கேட்டிருப்பீர்கள். அவருக்குச் செவி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன்னால் மூச்சைக் கவனிக்க வேண்டும். தொடக்கத்தின் மிகை அழுத்தத்தை அவர் பிடிக்கவில்லை, முடிவின் குறை அழுத்தத்தை ஈடுசெய்யவும் இல்லை.

இதைப் பழகுவதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. பாயில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, ஒரு கையை வயிற்றிலும் மற்றொன்றைக் கீழ் விலாவின் பக்கத்திலும் வைத்துக்கொண்டு சில நிமிடம் சும்மா மூச்சு விட்டாலே, உதரவிதானம் இறங்கும்போது வயிறும் விலாவும் எப்படி அசைகின்றன என்பது விளங்கும். படுத்த நிலையில் தோளைத் தூக்குவது கடினம் என்பதால் உடல் சரியான வழியைத் தானே தேர்கிறது. பிறகு எழுந்து உட்கார்ந்து, 'ஸ்' என்ற ஒலியைச் சீராக, ஒரே பருமனில் விட்டுப் பார்க்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டே போவது இதன் நோக்கம் அன்று. ஒலி நடுங்கத் தொடங்கும் இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். பத்துப் பன்னிரண்டு நொடியில் தொடங்குபவர் சில வாரங்களில் இருபதைத் தாண்டுவார். அதைவிட நல்ல பயிற்சி, ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை 5 சென்டிமீட்டர் ஆழம் விட்டு, அதன் வழியே குரலோடு ஊதுவது. குமிழி வர வேண்டுமானால் 5 சென்டிமீட்டர் நீரின் அழுத்தத்தை வாய் தந்தாக வேண்டும். குமிழிகள் ஒரே சீராக வந்தால் அழுத்தம் சீராக இருக்கிறது என்று பொருள். பொங்கினால் தள்ளுகிறோம், நின்றுபோனால் விட்டுவிட்டோம். மேலே சொன்ன எண்களைக் கண்ணால் பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை. சிறு குரல்கட்டு உள்ளவர்களும் இதைத் தொண்டை நோகாமல் செய்யலாம்.

உட்காரும் முறையும் முக்கியம். சம்மணமிட்டு முதுகு கூனினால் வயிற்று உறுப்புகள் மேலே நெருக்கப்பட்டு, உதரவிதானத்தின் பாதை அடைபடுகிறது. இடுப்புக்குக் கீழே ஒரு மடித்த போர்வையை வைத்துக்கொண்டால் முதுகு தானே நிமிரும். சுருதிப் பெட்டியை மடியில் வைத்துக் குனிந்து பாடும் பழக்கத்தை விட்டுவிடலாம்.

எப்படி விடுவது என்பதற்கு அடுத்தபடியாக, எங்கே எடுப்பது என்ற கேள்வி வருகிறது. தமிழில் பாடுபவருக்கு இதில் தனியான சிக்கல் ஒன்று உண்டு. தேவாரம் பாடுவோர் அதை நாள்தோறும் எதிர்கொள்கிறார்கள். கொங்கு ஏழு தலங்களில் ஒன்றான கொடுமுடியில் சுந்தரர் பாடிய பதிகத்தின் ஈற்றடியைப் பதிப்புகள் சீர் பிரித்து "நற்ற வாஉனை நான்ம றக்கினும் சொல்லும் நாநமச்சி வாயவே" என்று அச்சிடுகின்றன. யாப்புக்கு இது சரி. ஆனால் அச்சில் இடைவெளி இருக்கும் இடத்தில் மூச்செடுப்பவர் 'மறக்கினும்' என்ற சொல்லைத் தலை வேறு உடல் வேறாக்குகிறார், ஐந்தெழுத்தையும் நடுவில் துண்டாக்குகிறார். பொருள் நோக்கி "நற்றவா, உனை நான் மறக்கினும்" என்று ஒரு மூச்சும், "சொல்லும் நா நமச்சிவாயவே" என்று ஒரு மூச்சும் எடுத்தால் இரண்டும் சிறிய மூச்சுகளாகவே முடிந்துவிடும். நான் மறந்தாலும் என் நாக்கு மறக்காது என்னும் எதிர்நிலையும் கேட்பவருக்குத் துலங்கும். ஓதுவார்கள் பதம் பிரித்துச் சொல்லிப் பார்த்த பிறகே பண்ணில் பாட வைப்பதற்கு இது ஒரு காரணம். பாட்டு நோட்டில் வரிகளை எழுதும்போதே, மூச்செடுக்கும் இடங்களில் பென்சிலால் சிறு கோடு போட்டுவைக்கும் பழக்கத்தை எல்லா மாணவர்களுக்கும் சொல்வேன். அந்த இடத்தில் மூச்சு தேவைப்படாத நாளிலும் அங்கேயே எடுக்க வேண்டும். தீர்ந்த பிறகு எடுப்பது அவசர மூச்சு.

சந்தம் விரைந்தோடும் பாடல்களில் வேறு வகைத் திணறல் வரும். மூச்சு வேண்டும் என்ற தவிப்பை எழுப்புவது முதன்மையாக உள்ளே சேரும் கரியமில வாயுவே. பழைய காற்றை வெளியேற்றாமல், கிடைத்த இடத்தில் எல்லாம் மேலோட்டமாக இழுத்துக்கொண்டே போகிறவருக்கு மார்பு நிரம்பியிருக்கும்போதே மூச்சு முட்டுகிறது. அவருக்கு வேண்டியது இழுப்பதற்கு முன்னால் விடுவதற்கான ஓரிடம்.

இந்த இடங்களை ஏற்பாடு செய்துகொள்வதில் நம் நாட்டுப்புறக் கலைஞர்கள் காட்டிய நுட்பத்தை வகுப்புகள் போதிய அளவு கவனிப்பதில்லை. கொங்கு நாட்டு வீரக்கதையான அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடுபவர்கள் பல இரவுகள் தொடர்ந்து பாடுவார்கள். மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965-இல் காங்கேயம் வட்டாரத்தில் அத்தகைய ஒரு நிகழ்வை முழுவதுமாக ஒலிப்பதிவு செய்திருக்கிறார். இரவெல்லாம் ஒரு குரல் தாங்குவதற்கு, பாட்டின் அமைப்பே துணைசெய்கிறது. முன்பாட்டுக்காரர் ஓர் அடியைச் சொல்லி முடித்ததும் துணைப்பாடகர் அதை ஏற்றுத் திருப்புகிறார், இடையில் உடுக்கை பேசுகிறது, பிறகு பாட்டு வசனமாக இறங்குகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் முதல் பாடகர் பழைய மூச்சை முழுக்க விட்டுப் புதிதாக எடுக்கிறார். வள்ளியின் கதையைப் பாடி ஆடும் வள்ளி கும்மியிலும் அவ்வாறே. ஆசிரியர் பாட, ஆடுபவர்கள் திருப்பிப் பாடுகிறார்கள். குனிந்து கொட்டும்போது வயிறு மடங்கிக் காற்று வெளியேறுகிறது, நிமிரும்போது தானாக உள்ளே வருகிறது. அடவுக்கு (ஆட்ட அசைவுக்கு) எதிராக மூச்செடுப்பவர் இரண்டு சுற்றிலேயே களைத்துப்போவார். கோவை மாவட்டத்தைச் சேர்ந்த வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் எம். பத்ரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்த பிறகு இக்கலையைப் பலர் திரும்பிப் பார்க்கிறார்கள். பாட்டு மாணவர்களும் ஒரு பருவம் கும்மி பழகினால் மூச்சுக்கு அது பெரும் பயன் தரும்.

கொடுமுடியில் 1908-இல் பிறந்த கே.பி. சுந்தராம்பாளையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. அவர் பாடத் தொடங்கிய நாடக மேடைகளில் ஒலிபெருக்கி கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசைக்கும் சொல் தெளிவாகப் போய்ச் சேர வேண்டும். உரத்த குரலுக்கு அதிக அழுத்தம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் அந்த அழுத்தத்தைக் குரல்நாண்கள் உறுதியாகச் சேர்ந்து தாங்கினால் காற்றின் செலவு அதே விகிதத்தில் கூடுவதில்லை. அவருடைய பதிவுகளில் உச்ச ஸ்தாயியில் நீளும் கார்வைகளில் காற்றுக் கசிவு சிறிதும் கேட்காது, மெய்யெழுத்துகள் மழுங்குவதில்லை. இன்றைய பாடகருக்கு மைக் இருப்பதால் அந்த உரப்பு தேவையில்லை. ஆனால் மைக் மூச்சிழுக்கும் ஒலியையும் சேர்த்தே பெருக்கும். இழுக்கும்போது சத்தம் வருகிறது என்றால் தொண்டை ஏதோ ஓரிடத்தில் குறுகியிருக்கிறது என்று பொருள். வியப்பில் வாய் திறக்கும்போது காற்று ஓசையின்றி உள்ளே விழுவதைக் கவனித்து, அந்தத் திறப்பைப் பழக வேண்டும். வரிகளுக்கு இடையே அவகாசம் இருந்தால் மூக்கின் வழியாகவும், இல்லையென்றால் வாயும் மூக்கும் சேர்ந்தும் எடுக்கலாம். மார்கழி விடியலில் பஜனை பாடுவோரும், பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக் காற்று புழுதியோடு வீசும் நாளில் திறந்தவெளியில் பாடுவோரும் இயன்ற மட்டும் மூக்கையே பயன்படுத்துவது நல்லது. காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியை வடிகட்டித் தருவது மூக்குதான்.

ஆழியாறு அறிவுத் திருக்கோயிலின் பயிற்சிகள் வழியாகவும் பிற யோகப் பயிற்சிகள் வழியாகவும் மூச்சுப் பயிற்சி கொங்கு நாட்டில் வீடு வீடாகப் பழக்கமாகியிருக்கிறது. அதைச் செய்பவர் பாட்டு மூச்சைத் தனியாகக் கற்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டும். பிராணாயாமம் மூச்சைக் கவனிக்கும் பழக்கத்தையும் அமைதியையும் தரும். அது பாடகருக்கு நல்ல அடித்தளம். ஆனால் அங்கே இழுப்பதும் விடுவதும் நிதானமானவை. பாட்டில் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் எடுத்துப் பத்துப் பதினைந்து நொடி விட வேண்டும். கும்பகத்தில் தொண்டையை மூடிக் காற்றை நிறுத்துவதுபோல் பாட்டுக்கு முன் நிறுத்தினால், முதல் எழுத்து முட்டி உடைந்து வரும். வேகமாக ஊதும் பயிற்சிகளைத் தொடர்ந்து செய்தால் இரத்தத்தில் கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். பாடுவதற்குச் சற்று முன்னால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். ஸ்ட்ரா பயிற்சியும் 'ஸ்' பயிற்சியும்கூட ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும், சாப்பிட்ட வயிற்றோடு வேண்டாம்.

கடைசியாக, நூற்பாலைகளிலும் பஞ்சு அரைக்கும் இடங்களிலும் வேலை செய்துகொண்டே பஜனைக் குழுவிலோ கும்மிக் குழுவிலோ பாடுபவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். பஞ்சுத் தூசி நெடுநாள் படுவதால் மூச்சுக்குழல்கள் சுருங்கும் நோய் ஒன்று உண்டு. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் மார்பு இறுகுவது அதன் தொடக்கக் குறி. அப்படி இருப்பவருக்கு வரி முடியும் முன் மூச்சு தீர்வது சாதகக் குறைவால் அன்று. அவரை மேலும் பயிற்சி செய்யச் சொல்வது தீங்காகும். நெஞ்சக நோய் மருத்துவரிடம் ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதிப் பார்க்கும் பரிசோதனையைச் செய்துகொள்ளச் சொல்ல வேண்டும். மொத்தம் எத்தனை லிட்டர் ஊத முடிகிறது, அதில் முதல் நொடியில் எவ்வளவு வருகிறது என்பதை அது காட்டும். அந்த முடிவைப் பாட்டு ஆசிரியரும் பார்த்தால், எவ்வளவு நீண்ட வரியை அந்த மாணவரிடம் ஒரு மூச்சில் கேட்கலாம் என்பதை அளவறிந்து வகுக்க முடியும்.